டெல்மர் ஸ்ப்ராக் என்று யாரும் இல்லை

ஹாங்க் டிராவர் வானொலிக்குத் திரும்பி வந்த திங்கட்கிழமை, எங்கள் ஊரில் பன்றி விலை நின்றுபோனது.

அதுவரை ஹார்ப்ஸ்டர் வானொலி நிலையத்தில் மதியம் பன்னிரண்டு மணிக்குப் பன்றி, சோளம், சோயா விலை சொல்வார்கள். பிறகு யார் வீட்டு நாயைக் காணவில்லை என்று சொல்வார்கள். மிசூரியின் இந்த மூலைக்கு அது போதும். ஆனால் செயின்ட் லூயிஸில் இருக்கும் தாயகக் குரல் நிறுவனம் ஹாங்கின் மறுவருகையை முன்னிட்டுப் புதிதாகப் பல ஊர் நிலையங்களை வளைத்துப் போட்டது. அதில் எங்கள் நிலையமும் மாட்டிக்கொண்டது.

ஹாங்க் முன்பு ஏன் போனார் என்று எல்லோருக்கும் தெரியும். அயோவாவில் ஒரு பள்ளிக்கூட நூலகரின் பெயரைச் சொல்லி, "இந்தம்மா வாயை யாராவது மூடணும்" என்றார். மூன்று பேர் போய் மூடினார்கள். அந்த அம்மாள் இன்னமும் உறிஞ்சுகுழல் வைத்துத்தான் சாப்பிடுகிறாளாம். வழக்கு, சமரசம் எல்லாம் முடிந்து, ஹாங்க் மனத்தைப் பண்படுத்திக்கொள்ள வனவாசம் போனார். ஃப்ளோரிடாவுக்கு. நன்றாக மீன் பிடித்தார் என்று கேள்வி.

நான் பௌலிங் அரங்கத்தில் செருப்பை வாங்கி வைத்துக்கொண்டு விளையாட்டுக் காலணி கொடுக்கிறவள். பெயர் வெல்டா. அன்று மதியம் என் அண்ணன் வழக்கம்போல அங்கே பீன்ஸும் இறைச்சியும் போட்ட சில்லிக் குழம்பு சாப்பிட வந்திருந்தார். அண்ணன் செப்டிக் டேங்க் சுத்தம் செய்கிறவர். லாரியின் இரண்டு பக்கமும் அவருடைய பெயர், அதன் கீழே 'நீங்கள் விட்டதை நாங்கள் எடுப்போம்' என்று ஒரு வரி. இந்த மாவட்டத்தில் அவர் குழாய் விடாத வீடு கிடையாது. யாரைப் பற்றியும் ஒரு கெட்ட வார்த்தை பேசியதும் கிடையாது. பேசுவதென்றால் அவரைவிட அதிகம் தெரிந்தவர் ஊரில் யார்?

அரங்கத்து வானொலியில் ஹாங்கின் குரல் வந்தது. தழுதழுத்தது.

"மக்களே, நான் மாறிட்டேன். இனிமே உயிரோட இருக்கிற ஒரு சாதாரண மனுஷன் பேரையும் இந்த வாய் சொல்லாது. எங்க சட்டத்துறை சொல்லிடுச்சு, நானும் ஆண்டவர்மேல சத்தியம் பண்ணிட்டேன். அதனால இன்னிக்கு இல்லாத ஒருத்தனைப் பத்திப் பேசுவோம். உங்க தெருவுலதான் இருப்பான். சிரிச்சுப் பேசுவான். உங்க குப்பையை எட்டிப் பார்ப்பான். உங்களைப் பத்தி அரசாங்கத்துக்கு மொட்டைக் கடுதாசி போடுவான். நாட்டை வித்துத் தின்னவன் அவன்தான். பேரு டெல்மர் ஸ்ப்ராக்!"

யாரோ உருட்டிவிட்ட பந்து ஒன்று போய் அத்தனை கட்டைகளையும் சாய்த்தது. உருட்டியவன்கூட அதைப் பார்க்கவில்லை. எல்லோரும் என் அண்ணன் டெல்மர் ஸ்ப்ராக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அண்ணன் கரண்டியைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர் வந்து முதுகில் தட்டினார். பிறகு இன்னொருவர். முதல் தட்டு தட்டலாகத்தான் இருந்தது. நாலைந்து பேருக்குப் பிறகு வந்தது தட்டலா அடியா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. கடைசித் தட்டில் அண்ணனின் முகம் கிண்ணத்துக்குள் போய், பல் ஒன்று சில்லியில் விழுந்தது.

"விடு வெல்டா, விளையாட்டுக்குத்தானே" என்றார், பீன்ஸுக்கு நடுவில் பல்லைத் தேடிக்கொண்டே.

வானொலியில் ஹாங்க் அதற்குள் விளம்பரம் படிக்க ஆரம்பித்திருந்தார். அவருக்கு ஒரு பெருமை உண்டு. கையில் எந்தத் தாளைக் கொடுத்தாலும் முன்கூட்டிப் பார்க்காமல் அப்படியே படிப்பார். மெத்தையோ, மலச்சிக்கல் மருந்தோ, எல்லாவற்றையும் தாய்நாட்டுக்கு உயிர் கொடுக்கிற குரலில் படிப்பார். அன்று படித்தது பேஸ்பால் மட்டை. "தாயக மட்டை! நல்ல வைரம் பாய்ந்த மரம்! வாங்கும்போது 'ஸ்ப்ராக்' என்று சொல்லுங்கள், விலையில் தள்ளுபடி!"

செவ்வாய்க்கிழமை அண்ணனின் லாரிக் கண்ணாடி உடைந்தது. புதன்கிழமை யாரோ லாரியின் குழாயைத் திறந்து, அன்றைக்கு எடுத்த மொத்தச் சரக்கையும் எங்கள் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனார்கள். வியாழக்கிழமை அதைக் கழுவிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு செங்கல் வந்து மண்டையில் பட்டது. ஏழு தையல். வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டு கேலன் யோஸ்ட் வந்தான்.

நான் அண்ணனுக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தேன். கேலன் புல்வெளியைத் தாண்டி நிதானமாக நடந்து வந்தான். கையில் புது மட்டை. கடைக்காரன் கட்டிய அட்டை அதில் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

"டெல்மர், கொஞ்சம் வெளில வா."

"என்னப்பா கேலன், டேங்க் நிறைஞ்சுடுச்சா?"

"அதெல்லாம் இல்ல. உன்மேல எனக்கு ஒண்ணும் இல்ல, தெரியுமில்ல?"

"தெரியுமே."

"அந்த டெல்மர் மேலதான்."

"எந்த டெல்மர்?"

"அதான், ரேடியோல வர்றானே."

"அவன் இங்க இல்லியேப்பா."

"தெரியும். அதான் கோவம் கோவமா வருது" என்று சொல்லிவிட்டுக் கேலன் மட்டையை வீசினான். அண்ணன் வலது கையைக் குறுக்கே கொண்டுபோனார். காய்ந்த சுள்ளியை முழங்காலில் வைத்து ஒடிக்கிற சத்தம் கேட்டது. எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு எட்டிப் பார்த்தது. கேலன் அதையும் ஒருமுறை பார்த்துவிட்டு, அதே இடத்தில் இன்னொரு அடி போட்டான். நான் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு ஓடுவதற்குள் அவன் செல்பேசியில் ஆம்புலன்ஸை அழைத்துக்கொண்டிருந்தான். முகவரியைப் பொறுப்பாக இரண்டு முறை சொன்னான்.

சாயங்காலம் கேலனின் மனைவி மார்வா, எங்கள் ஊர் வழக்கப்படி, மீனும் நூடுல்ஸும் பாலாடைக்கட்டியும் போட்டுச் சுட்ட கேசரோலைக் கண்ணாடிப் பாத்திரத்தில் ஆஸ்பத்திரிக்கே கொண்டு வந்தாள்.

"அடிச்சது அவரு, சமைச்சது நானு. ரெண்டையும் ஒண்ணா போட்டுக் குழப்பிக்காத வெல்டா" என்றாள். "பாத்திரத்தை மட்டும் மறக்காம குடுத்துடுங்க. அது ஜோடியில ஒண்ணு."

பாத்திரத்தின் அடியில் 'யோஸ்ட்' என்று பெயர் எழுதி ஒட்டியிருந்தது. அண்ணனுக்கு அன்றிலிருந்து கையைவிட அந்தப் பாத்திரம்தான் பெரிய கவலை.

"வெல்டா, அதைக் கழுவிட்டியா? திருப்பிக் குடுக்கணும்."

"அந்த வீட்டு வாசப்படியை நான் மிதிச்சா பாத்திரத்தை அவன் மண்டையிலதான் உடைப்பேன். பேசாம படு."

ஷெரீப் வந்தார். அடித்தது யார் என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. கேலனே எழுதிக் கொடுத்துவிட்டான். "ஆனா அடிபட்டது எந்த டெல்மர்னு போடறது?" என்று பேனாவைக் கடித்தார். என்ன போட்டார் என்று எனக்குத் தெரியாது. கேலன் மறுநாள் புல் வெட்டிக்கொண்டிருந்தான்.

நான் அண்ணனைக் காரில் ஏற்றிக்கொண்டு செயின்ட் லூயிஸுக்குப் போனேன்.

தாயகக் குரல் கட்டடத்தின் வரவேற்பறையில் அகலமான கைப்பிடி வைத்த நாற்காலிகள் வரிசையாக இருந்தன. மாவுக்கட்டுப் போட்ட கையை வைத்துக்கொள்ளத் தோதாக. சில நாற்காலிகளுக்குக் காலை நீட்டிக்கொள்ளும் பலகையும் இருந்தது. இவ்வளவு யோசித்து நாற்காலி வாங்குகிற நிறுவனம் நம் பேச்சைக் கேட்கும் என்று அண்ணன் தைரியம் சொன்னார்.

பெயர்ச் சோதனைப் பிரிவில் பெத்தனி என்றொரு பெண். ரொம்ப மரியாதையான பெண். ஹாங்க் சொல்லப்போகிற பெயர் உலகத்தில் யாருக்கும் இல்லை என்று தேடிப் பார்த்துச் சான்றிதழ் தருவது அவள் வேலை. ஹாங்க் பேசுவது முக்கால் நிமிடம் கழித்துத்தான் வெளியே போகும். அதற்குள் உண்மையான ஒரு சாதாரண மனிதரின் பெயர் வந்துவிட்டால், சிவப்புப் பொத்தானை அழுத்தி அதை அழிப்பதும் அவள்தான்.

"சார், டெல்மர் ஸ்ப்ராக்குன்னு யாரும் இல்ல. எங்ககிட்ட சான்றிதழ் இருக்கு."

"நான் இருக்கேனேம்மா."

"புரியுது சார். ஆனா நிகழ்ச்சி போற எல்லா ஊர்லயும் நாங்க தேடிட்டோம்."

"ஹார்ப்ஸ்டர்ல தேடுனீங்களா?" என்றேன்.

அவள் கணினியைத் தட்டினாள். "ஹார்ப்ஸ்டர் தேடி முடிச்சப்புறம் சேர்ந்த ஊர் மேடம். அந்தப் பேரை அவ்ளோ யோசிச்சு வெச்சோம். எந்த அம்மாவும் பெத்த பிள்ளைக்கு இப்படி ஒரு பேரை வெக்க மாட்டாங்கன்னு ஒரு கூட்டமே போட்டு முடிவு பண்ணினோம்."

"எங்கம்மா வெச்சாங்க" என்றார் அண்ணன்.

பெத்தனிக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே எங்களைத் துணைத் தலைவர் வாரன் ஹாய்ட்டிடம் அழைத்துப் போனாள். அவர் அண்ணனின் இடது கையைப் பிடித்துக் குலுக்கினார். எந்தக் கையைக் குலுக்க வேண்டும் என்று தயங்கவே இல்லை. நிறையப் பழக்கம் இருக்க வேண்டும்.

"மிஸ்டர் ஸ்ப்ராக், வன்முறையை எங்க நிறுவனம் மாதிரி வெறுக்கிற நிறுவனம் வேற கிடையாது. ஒவ்வொரு அடிக்கப்புறமும் நாங்க அறிக்கை விடறோம். போன வருஷம் அறிக்கை விட்டதுல நாங்கதான் முதல் இடம், விருதுகூடக் குடுத்தாங்க. ஹாங்க் யாரையும் அடின்னு சொன்னதில்ல. கோவப்படுன்னுதான் சொல்றாரு. கோவத்தை என்ன பண்றதுங்கறது கேக்கறவங்க சுதந்திரம். அதுல நாங்க தலையிட்டா அது தப்பில்லையா? நீங்களே சொல்லுங்க."

"அந்தப் பேரை மட்டும் நிறுத்திடுங்களேன்" என்றார் அண்ணன்.

"அதுல மட்டைக்காரங்க தள்ளுபடி குடுக்கறாங்க சார். நாடு முழுக்க அட்டை அடிச்சாச்சு. அவங்க நஷ்டத்தையும் நாம நினைச்சுப் பார்க்கணும்." கொஞ்சம் முன்னால் சாய்ந்தார். "நீங்க ஏன் பேரை மாத்திக்கக் கூடாது? எந்தப் பேர் வேணா வெச்சுக்குங்க. செலவு எங்களது."

நான் வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். மேஜைமேல் இருந்த விருதை எடுத்து அவர்மேல் எறிந்தேன். பக்கத்தில் விழுந்தது. அவர் அதைத் தூக்கித் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தார். அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு, யோசிக்கிறேன் என்றார்.

திரும்பி வந்ததும், என்னிடம்கூடச் சொல்லாமல், இடது கையால் விண்ணப்பம் எழுதி மாவட்ட நீதிபதியிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். நீதிபதி இரண்டு முறை படித்தாராம்.

"ஹாங்க் டிராவர்னா வெச்சுக்கப் போறே? ஏன்யா?"

"இந்த ஊர்ல யாரும் அடிக்காத பேரு அது ஒண்ணுதான் ஐயா."

நீதிபதியின் வீட்டு டேங்கையும் அண்ணன்தான் சுத்தம் செய்கிறார். அவர் கையெழுத்துப் போட்டார்.

அண்ணன் சொன்னபடியே நடந்தது. லாரியில் புதுப் பெயர் ஏறிய நாளிலிருந்து ஒரு கல் விழவில்லை. அதே ஆள்கள் தொப்பியைத் தொட்டுவிட்டுப் போனார்கள். கேலன் வாசலில் நின்று அந்தப் பெயரை ரொம்ப நேரம் பார்த்தான். ஓங்கிய மட்டையை என்ன செய்வதென்று தெரியாமல், வேலியில் இருந்த எங்கள் தபால் பெட்டியை அடித்து நொறுக்கிவிட்டு, "தலைவர் பேரைக் காப்பாத்து" என்று சொல்லிவிட்டுப் போனான்.

செயின்ட் லூயிஸில்தான் கூத்து. பெத்தனி கடமை தவறாதவள். ஹார்ப்ஸ்டரில் ஹாங்க் டிராவர் என்ற பெயரில் செப்டிக் டேங்க் சுத்தம் செய்யும் சாதாரண மனிதர் ஒருவர் இருப்பது அவள் கணினியில் ஏறிவிட்டது. சாதாரண மனிதரின் பெயர் காற்றில் போகக் கூடாது. "நான்தான் ஹாங்க் டிராவர்!" என்று மைக்கில் ஹாங்க் கர்ஜிக்கும்போதெல்லாம் அவள் பொத்தானை அழுத்தினாள். "வணக்கம் ஹாங்க் தலைவா!" என்று நேயர்கள் கூப்பிட்டாலும் அழுத்தினாள். அந்த வாரம் முழுக்க நிகழ்ச்சியில் பாதி மௌனம்தான். எங்கள் ஊரில் பலபேர் அது ஏதோ ஆழமான அரசியல் என்று நினைத்துத் தலையாட்டிக்கொண்டு கேட்டார்கள்.

நிலையங்கள் சண்டைக்கு வந்தன. ஹாங்குக்கு அவசரமாக வேறொரு பெயர் வேண்டும். புதிதாகத் தேடிச் சான்றிதழ் தர மாதக்கணக்கில் ஆகும். எல்லா ஊரிலும், ஹார்ப்ஸ்டர் உட்பட, சொந்தக்காரர் இல்லை என்று சந்தேகமில்லாமல் தெரிந்த பெயர் அந்த அலுவலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. சட்டத்துறை ஒப்புதல் போட்டது. பெத்தனி தட்டச்சு செய்தாள். திங்கட்கிழமை ஹாங்க் மைக்கின் முன்னால் உட்கார்ந்து, கொடுத்த தாளை, தன் பெருமை குலையாமல், முன்கூட்டிப் பார்க்காமல் படித்தார்.

"மக்களே! இந்த நாட்டுக்காக உயிரைக் குடுக்கத் தயாரா இருக்கற நான்தான் உங்க டெல்மர் ஸ்ப்ராக்!"

நிகழ்ச்சி முடிந்து அவர் கார் நிறுத்துமிடத்துக்கு வருவதற்குள் மட்டைகள் வந்து சேர்ந்திருந்தன. வானொலிக்காரரின் முகத்தை யாருக்குத் தெரியும்? குரல்தான் தெரியும். "நான் ஹாங்குடா, ஹாங்க்!" என்று கத்தினாராம். "எங்க தலைவர் பேரை உன் வாயால சொல்றியா?" என்று ஒருவன் முதல் அடியை வாயிலேயே போட்டான். அதற்குப் பிறகு குரலும் அடையாளம் தெரியவில்லை. முழங்கால் இரண்டும் போயின. ஒரு கண் போனது. மட்டைகளில் பலவற்றில் அட்டை ஆடிக்கொண்டுதான் இருந்தது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

நான் சந்தோஷப்பட்டேன். வேறு மாதிரிச் சொல்ல எனக்கு வராது. அண்ணன் மட்டும் சாப்பிடாமல் எழுந்து போனார்.

நிறுவனம் அன்றைக்கே அறிக்கை விட்டது. 'உண்மையில் இருக்கும் எந்த நபரும் தாக்கப்படவில்லை' என்று அதில் இருந்தது.

மறுவாரம் துணைத் தலைவர் வாரன் ஹாய்ட், ஆப்பிள் பை என்ற பலகாரம் ஒன்றைக் கையில் ஏந்திக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். நாடு முழுக்க நிலையங்களோடு போட்ட ஒப்பந்தத்தில் 'ஹாங்க் டிராவர் பேசுவார்' என்று இருக்கிறதாம். நீதிமன்ற முத்திரையோடு அந்தப் பெயரில் இன்று பேசக்கூடிய நிலையில் இருப்பவர் என் அண்ணன் ஒருவர்தான்.

"எனக்குப் பேச வராதுங்களே" என்றார் அண்ணன்.

"உங்களுக்குத் தோணறதைச் சொல்லுங்க சார். உங்க பேரைப் பொறுத்தவரைக்கும் உங்க அனுமதி இருக்கு, அதனால அழிக்க மாட்டோம்."

"பன்றி விலை சொல்லலாமா?"

"தாராளமா."

அதற்காகத்தான் அவர் ஒப்புக்கொண்டார். சத்தியமாக அதற்காகத்தான்.

மறுபடியும் ஒரு மறுவருகை. மறுபடியும் திங்கட்கிழமை. ஒலிபரப்பு அறையின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அண்ணன், மாவுக்கட்டுக் கையை மேஜையில் வைத்துக்கொண்டு. இந்தப் பக்கம் சிவப்புப் பொத்தானின்மேல் விரலை வைத்துக்கொண்டு பெத்தனி, பக்கத்தில் நான். விளக்கு எரிந்தது. நாட்டின் பாதி மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டது.

அண்ணன் தொண்டையைச் செருமினார். "நான் ஹாங்க் டிராவர். சந்தையில இன்னிக்கிப் பன்றி கொஞ்சம் இறங்கியிருக்கு. சோளம் அப்படியேதான்." தாளைத் திருப்பினார். அதன் பின்பக்கம் ஒன்றும் இல்லை. பேச வேண்டிய நேரமோ நிறைய இருந்தது. திருதிருவென்று விழித்தார். பிறகு அவர் முகம் தெளிந்தது. அந்தப் பார்வை எனக்குத் தெரியும். பாத்திரம் ஞாபகம் வந்துவிட்டது.

"ஹார்ப்ஸ்டர்ல கேலன் யோஸ்ட்டுன்னு ஒருத்தர், எனக்குப் பக்கத்து வீடு. அவருக்குத் திருப்பிக் குடுக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. என் கை இப்படி இருக்கறதால என்னால முடியல. அந்தப் பக்கம் போறவங்க யாராவது எனக்காகக் குடுத்துட்டீங்கன்னா புண்ணியமாப் போகும்."

பெத்தனி பதறிப்போய் என் பக்கம் திரும்பினாள். முக்கால் நிமிடம் ஓடிக்கொண்டிருந்தது.

"மேடம், இந்தப் பேர் என் சோதனைக்கு வரவே இல்ல. தேட நேரமில்ல, நீங்க அந்த ஊர்தானே, சீக்கிரம் சொல்லுங்க. கேலன் யோஸ்ட்டுன்னு நிஜமா யாராவது இருக்காங்களா?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தார். முன்பல் இருந்த இடம் காலியாகத் தெரிந்தது.

"இல்லம்மா" என்றேன். "அப்படி யாரும் இல்ல."